பெண்கள் சேர்ந்திசைக் குழு தொடங்குவது எப்படி? கீழ்க்குரலிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பத்துப் பெண்கள் ஒன்றாகப் பாடினால் பல குரல் சேர்ந்திசை ஆகிவிடாது. கொலுவிலும் விளக்குப் பூஜையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் நாம் கேட்பது பெரும்பாலும் ஒரே மெட்டைப் பத்துப் பேர் பாடுவதுதான். அதிலும் சுகம் உண்டு, குறை சொல்லவில்லை. இங்கே நான் சொல்லப்போவது, ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று வெவ்வேறு ஸ்வரங்களில் நின்று, அவை ஒன்றோடொன்று பொருந்தும்படி பாடுவதைப் பற்றி. தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர்களுக்கு இது சின்ன வயதுப் பழக்கம். கர்நாடக இசையோ சினிமாப் பாட்டோ மட்டும் பாடி வந்தவர்களுக்கு முதல் சில வாரம் தலை சுற்றும். அப்புறம் விடாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்கள் குழு தொடங்குபவர்கள் எல்லாரும் மெட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நன்றாகப் பாடுபவர் மெட்டைப் பாட, மற்றவர்களுக்கு "ஹார்மனி" என்று எதையாவது பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆண் குரல் இருக்கும் குழுவில் இது ஓரளவு தாங்கும், ஏனென்றால் அடியில் பேஸ், அதாவது ஆண்களின் தாழ்ந்த குரல், இருக்கிறது. பெண்கள் மட்டும் பாடும்போது அடியில் இருப்பது ஆல்ட்டோ என்ற தாழ்ந்த பெண் குரல் ஒன்றுதான். அது ஆடினால் மேலே இருப்பதெல்லாம் ஆடும். ஆகவே கீழ்க்குரலை முதலில் அமைத்துவிட்டு மேலே போங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: ஆட்களைச் சேர்ப்பது

8 முதல் 16 பேர் நல்ல கணக்கு. ஆறுக்குக் கீழே போனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு ஒரு பாகமே காணாமல் போகும். இருபதைத் தாண்டினால் நடத்துபவருக்கு நல்ல பயிற்சி வேண்டும். நாகாலாந்தின் டெட்சியோ சகோதரிகள் போல நான்கே பேர் நின்று பாடுவது வேறு விஷயம். அங்கே ஒவ்வொரு குரலும் தனியாக நிற்கிறது, ஒளிந்துகொள்ள இடமில்லை. அதைக் குழு ஒரு வருடம் ஓடிய பிறகு யோசிக்கலாம்.

ஆள் எடுக்கும்போது "ஒரு பாட்டுப் பாடுங்க" என்று கேட்காதீர்கள். அதில் தெரிவது தனிப்பாட்டுத் திறமை. அதற்குப் பதிலாக ஒரு ஸ்வரத்தைக் கொடுத்து "ம்" என்று பிடிக்கச் சொல்லுங்கள். அவர் காதுக்குப் பக்கத்தில் நீங்கள் வேறொரு ஸ்வரத்தைப் பாடுங்கள். அவர் உங்கள் ஸ்வரத்துக்கு நழுவி வந்துவிடுகிறாரா, தன் இடத்திலேயே நிற்கிறாரா என்று பாருங்கள். சுமாரான குரலாக இருந்து, நழுவாமல் நிற்பவர் கிடைத்தால் விடாதீர்கள். நழுவுகிறவரையும் திருப்பி அனுப்ப வேண்டாம், பயிற்சியில் வந்துவிடும். சங்கதி போடாமல், அதாவது மெட்டை வளைத்து அலங்கரிக்காமல், ஒரு வரிகூடப் பாட முடியாதவர்தான் சிக்கல். அழகான குரலாக இருக்கும், எல்லாரும் பாராட்டியும் இருப்பார்கள், ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு எந்த ஸ்வரம் என்றே பிடிபடாது. அவரிடம் முன்னாலேயே பேசிவிடுவது நல்லது.

எல்லாருக்கும் நோட்டேஷன் தெரிய வேண்டியதில்லை. ஒருவருக்காவது கீபோர்டு வாசிக்கத் தெரிந்தால் போதும். வாரா வாரம் தவறாமல் வருவேன் என்ற உறுதிதான் குரலைவிட முக்கியம்.

படி 2: இடமும் நேரமும்

ஓடு போட்ட பழைய பள்ளி வகுப்பறை, அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க அறை, தேவாலயத்தின் பக்க அறை, எதுவானாலும் சரி. மொட்டை மாடி வேண்டாம், குரல் வெளியே போய்விடும், பக்கத்து ஆள் பாடுவதே கேட்காது. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடமும் வேண்டாம், எதிரொலி ஏமாற்றும், தப்பும் அழகாகக் கேட்கும். சீலிங் ஃபேன் பற்றி ஒரு வார்த்தை: அதற்கென்று ஓர் உறுமல் உண்டு, நீங்கள் கவனிக்காமலே காது அதோடு சேரப் பார்க்கும். சுருதி சேர்க்கும் 10 நிமிடமாவது நிறுத்திவிடுங்கள். மே மாதத்தில் இதைச் சொன்னால் திட்டு விழும், பரவாயில்லை.

நேரத்தைக் குழுவில் இருப்பவர்களே முடிவு செய்யட்டும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டபின் காலை 10 மணி ஒத்துவரும் குழுக்களும் உண்டு, சனிக்கிழமை மாலைதான் ஒத்துவரும் குழுக்களும் உண்டு. ஒன்றரை மணி நேரம் போதும்.

படி 3: குரலைப் பிரிப்பது

அவசரப்படக் கூடாத இடம் இது.

கர்நாடக இசை கற்ற பெண்களின் ச, அதாவது ஆதார ஸ்வரம், பெரும்பாலும் 5 கட்டை, ஐந்தரைக் கட்டையில் இருக்கும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு). கீபோர்டில் நடு சி-க்குக் கீழே இருக்கும் ஜி, ஜி ஷார்ப். சேர்ந்திசைக்கு நான் ச-வை நடு சி-யில், அதாவது 1 கட்டையில் வைக்கச் சொல்வேன். "ஒரு கட்டையா? அது ஆம்பளைங்க சுருதியாச்சே" என்று உடனே யாராவது கேட்பார்கள். ஆண்கள் பாடும் 1 கட்டை இதற்கு ஒரு ஸ்தாயி (ஒரு ச முதல் அடுத்த ச வரை) கீழே. நாம் பாடுவது அதன் மேல் ஸ்தாயி. இப்படி வைத்தால், நீங்கள் இத்தனை வருடம் ச என்று பிடித்து வந்த 5 கட்டை இங்கே மந்திர ப, அதாவது கீழ் ஸ்தாயி ப, ஆகிவிடுகிறது. கீழ்க்குரலுக்கு அதுவே அடித்தளம். மேலே தார க, அதாவது மேல் ஸ்தாயி க, வரை போனால் முழுக் குழுவுக்கும் வேண்டிய வீச்சு வந்துவிட்டது.

தோராயமான எல்லைகள் இவை. கீழ்க்குரல், அதாவது ஆல்ட்டோ, மந்திர ப முதல் மத்திய த வரை. நடுக்குரல் மந்திர நி முதல் தார ச வரை. மேல்குரல், அதாவது சோப்ரானோ, மத்திய ரி முதல் தார க வரை. தொடக்கக் குழுவுக்கு இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

சோதிக்கும் முறை எளிது. ஒவ்வொருவரையும் தனியாக, பேசும் குரலுக்கு அருகில் ஒரு ஸ்வரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கச் சொல்லுங்கள். எங்கே சத்தம் காற்றாகப் போகிறதோ குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே ஏறச் சொல்லுங்கள். பெரும்பாலான பெண்களுக்கு நடு ஸ்தாயியின் 3 கட்டைக்கும் 5 கட்டைக்கும் இடையில் எங்கோ குரல் "உடையும்". நெஞ்சுக் குரலிலிருந்து தலைக்குரலுக்கு மாறும் இடம் அது. நம் ஊரில் பலர் அந்த இடத்துக்கு மேலே நெஞ்சுக் குரலையே தள்ளிப் பாடிப் பழகியிருப்பார்கள். அதனால் "எனக்கு மேலே போகாது" என்பார்கள். போகும், கத்தாமல் மெல்லியதாக "ஊ" என்று பாடச் சொல்லிப் பாருங்கள்.

அதற்காக நெஞ்சுக் குரல் தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். பல்கேரியப் பெண்கள் குழுக்கள் திறந்த தொண்டையோடு, முழு நெஞ்சுக் குரலில், பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களை உரசவிட்டுப் பாடி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தன. அவர்கள் பதிவு ஒன்றுக்கு 1990-இல் கிராமி விருதும் கிடைத்தது. கிராமத்துப் பாட்டில் ஒரு குரல் அசையாமல் நிற்க இன்னொன்று அதன்மேல் நகரும் முறை அங்கே பழையது. நம் சுருதிக்குப் பக்கத்து வீடுதான். எந்த நிறத்தில் பாடினாலும் குழு முழுக்க ஒரே நிறமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு உயரம் போகிறார் என்பதை வைத்துப் பாகம் கொடுக்காதீர்கள். எந்த இடத்தில் 10 நிமிடம் தொண்டை வலிக்காமல் நிற்க முடிகிறதோ, அதுதான் அவர் பாகம்.

ஒவ்வொரு குழுவிலும் ஒரு அக்கா இருப்பார். "ஐம்பது தாண்டினதும் என் குரல் போயிடுச்சும்மா, நான் சும்மா உட்கார்ந்து கேக்கறேன்" என்பார். மாதவிடாய் நின்ற பிறகு பல பெண்களுக்குக் குரல் கொஞ்சம் இறங்குவது இயல்பு. மேலே இழந்த ஸ்வரங்களுக்காக வருந்துவார்களே தவிர, கீழே புதிதாக வந்த இரண்டு ஸ்வரங்களைக் கவனித்திருக்க மாட்டார்கள். இருபது வயதுப் பெண்கள் சிலருக்கு மந்திர ப காற்றாகத்தான் வரும், அந்த அக்காவுக்கு அது மணி போல நிற்கும். அவரைப் பிடித்துக் கீழ்க்குரலில் நிறுத்துங்கள்.

இது புது யோசனை இல்லை. 18-ஆம் நூற்றாண்டு வெனிஸில் பியெட்டா என்ற அநாதை விடுதியின் பெண்கள் இசைக்குழு ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. இசையமைப்பாளர் விவால்டி அங்கே 1703-இல் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே பாடும் பெண்களை அவர்கள் பாகத்தை வைத்தே அழைத்தார்கள், "டெனோர்", "பாசோ" என்ற அடைமொழியோடு பெண்கள் பெயர்கள் பதிவுகளில் இருக்கின்றன. ஆண்களுக்கு என்று நினைக்கும் பாகங்களை எந்த ஸ்தாயியில் பாடினார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கீழ்ப்பாகத்துக்குப் பெண்கள் இருந்தார்கள் என்பது மட்டும் தெளிவு.

12 பேர் இருந்தால் மேலே 3, நடுவில் 4, கீழே 5 என்று பிரியுங்கள். உயர்ந்த ஸ்வரம் தானாகவே காதில் விழும், அதற்கு ஆள் பலம் தேவையில்லை. நடுக்குரலுக்கு நல்ல காது உள்ளவர்களைப் போடுங்கள். மெட்டும் இல்லாமல் அடித்தளமும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் பாகம் அது. (நான் பாடுவதும் அதுதான், அதனால் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன்.)

படி 4: முதல் மாதம், மூன்றே ஸ்வரம்

முதல் மாதம் பாட்டே வேண்டாம். யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் ஒத்திகையின் கடைசியில் எல்லாரும் ஒரே மெட்டில் பாட ஒரு பாட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் அரை மணி நேரம் மட்டும் கண்டிப்பாக இதற்கு.

தம்புரா செயலியில் 1 கட்டை வைத்து எல்லாரும் ச-வில் "ம்" பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவர் குரலைவிட உங்கள் குரல் சத்தமாகக் கேட்டால் நீங்கள் அதிகமாகப் பாடுகிறீர்கள். அடுத்து, கீழ்க்குரல் ச-விலேயே நிற்கட்டும், மற்றவர்கள் ப-வுக்குப் போகட்டும். ச-ப சரியாகச் சேரும்போது அறையில் ஒரு கூர்மை வரும், உங்களுக்கே தெரியும். அது தெரியும்வரை மேலே போகாதீர்கள்.

அப்புறம் நடுக்குரல் க-வுக்கு வரட்டும், அந்தர காந்தாரம், அதாவது உயர்ந்த க. இங்கேதான் கீபோர்டை மூடி வைக்க வேண்டும். ச, க, ப மூன்றும் இயற்கையாகச் சேரும் விகிதம் 4:5:6. ச 240 ஹெர்ட்ஸ் என்றால் க 300, ப 360. கீபோர்டில் அதே க 302.4-க்குப் போய்விடும். இரண்டரைகூட இல்லாத வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் அந்த க-வை ச-வோடு சேர்த்துப் பிடித்தால் நொடிக்கு ஒன்பது, பத்து முறை படபடவென்று ஒரு அதிர்வு கேட்கும். கீபோர்டுக்குப் பழகிய காது அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும். தம்புராவுக்குப் பழகிய காதுக்கு இது உறுத்தும். தம்புராவின் மந்திர ச தந்தியை மீட்டினால் மேலே தானாக ஒரு காந்தாரம் ஒலிக்கிறதே, ஸ்வயம்பு காந்தாரம் என்று பெரியவர்கள் சொல்வது, அதே காந்தாரம்தான் 4:5:6-இல் வரும் 5. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சேர்ந்திசை அந்நியம் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. மேலைநாட்டுக் குழுக்கள் பாடுபட்டுத் தேடும் காந்தாரம் உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, அதுதான் விட வேண்டியது. ஒரு குரல் க-வை அசைத்தால் மூன்று குரலின் சேர்க்கையும் கலைந்துவிடும். நேராக, குச்சி மாதிரி நிற்கட்டும்.

மூன்றும் நின்றபின், பாகங்களை மாற்றிக்கொள்ளுங்கள். நேற்று ச பிடித்தவர் இன்று க பிடிக்கட்டும். மூன்று இடத்திலும் நின்று பார்த்தவருக்கு மற்றவர் பாடு தெரியும்.

படி 5: சுழல் பாட்டு

ஒரே மெட்டை ஒரு குழு தொடங்க, அடுத்த குழு ஒரு வரி தள்ளித் தொடங்கி, மூன்றாவது குழு அதற்கு அடுத்த வரியில் நுழைவது. எல்லாரும் ஒரே பாட்டைத்தான் கற்கிறார்கள், ஆனால் பாடும்போது மூன்று குரலாகக் கேட்கும். பயம் போக இதைவிட நல்ல வழி இல்லை. மோகனம் இதற்கு வசதி, அரை ஸ்வர உரசல் இல்லாத ராகம் என்பதால் எது எதோடு சேர்ந்தாலும் காதைக் குத்தாது. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு (எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு முழுச் சுற்று) ஒரு வரியாக இதைப் பழகுங்கள். மேலே கோடு போட்ட ச' தார ச.

முதல் வரி: ச ச ரி க | க ரி | ச –

இரண்டாம் வரி: க க ப ப | ப ப | க –

மூன்றாம் வரி: ப ப ப ச' | ச' ப | ப –

முதல் குழு இரண்டாம் வரிக்குப் போகும்போது இரண்டாம் குழு முதல் வரியைத் தொடங்க வேண்டும். மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். முதல் எண்ணிக்கையில் ச-க-ப, நான்காவதில் க-ப-ச', கடைசியில் திரும்பவும் ச-க-ப. மூன்று முறை சுற்றிவிட்டு நிறுத்துங்கள். ஸ்வரமாக வந்தபின் "லா" என்று பாடுங்கள், அப்புறம் நீங்களே நாலு வார்த்தை போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு பாடுவார்கள். அதை அனுமதிக்காதீர்கள். கேட்டுக்கொண்டே பாடுவதுதான் இங்கே பயிற்சி.

படி 6: மூன்று குரல் நகர்வது

ஒரே இடத்தில் நிற்பது வந்துவிட்டது. இனி இரண்டு இடத்துக்கு நடுவில் போய்வர வேண்டும். ஹம்ஸத்வனி இதற்கென்றே செய்து வைத்தது போல இருக்கும். அதன் ஐந்து ஸ்வரங்கள் ச ரி க ப நி. இவற்றில் ச-க-ப ஒரு முழுச் சேர்க்கை, ப-நி-ரி இன்னொரு முழுச் சேர்க்கை. மேலை இசையில் பாட்டுகளைத் தாங்கி நிற்கும் இரண்டு முக்கியமான கார்டுகள் (ஸ்வரச் சேர்க்கைகள்) இவைதான்.

மேல்குரல் ப-வைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கட்டும். நடுக்குரல் க-விலிருந்து ரி-க்கு இறங்கட்டும். கீழ்க்குரல் ச-விலிருந்து மந்திர நி-க்கு இறங்கட்டும். நான்கு எண்ணிக்கை அங்கே நின்றுவிட்டுத் திரும்ப வாருங்கள். பத்து முறை செய்தால் ஒரு விஷயம் கவனிப்பீர்கள்: நி-யிலிருந்து ச-வுக்குத் திரும்பும்போது கீழ்க்குரல் கொஞ்சம் தாழ்ந்து வந்து சேரும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். ஐந்தாவது சுற்றில் முழுக் குழுவும் கால் கட்டை இறங்கியிருக்கும். மேல்குரலைக் குற்றம் சொல்வார்கள். பாருங்கள், நி-யை ச-வுக்கு நெருக்கமாக, மேலே தூக்கிப் பாடச் சொன்னால் சரியாகிவிடும்.

இதே பயிற்சியைச் சங்கராபரணத்தில் ம-த-ச' சேர்த்து நீட்டலாம். மைனர் நிறம் வேண்டுமானால் கீரவாணி. தோடி, சஹானா பக்கம் போக வேண்டாம். அவற்றின் உயிரே ஸ்வரத்தின் அசைவில் இருக்கிறது, அசைவை எடுத்துவிட்டால் ராகம் போய்விடும், வைத்துக்கொண்டால் சேர்க்கை போய்விடும். சில அழகுகளைத் தனிப்பாட்டுக்கு விட்டுவிடலாம்.

படி 7: பாட்டு எடுப்பது, பிரிப்பது

நம்மிடம் ஏற்கெனவே பெண்கள் கூடிப் பாடும் பாட்டுகள் உண்டு. கும்மி, நடவுப் பாட்டு, தாலாட்டு. கும்மியில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது, பல குரல் அமைப்புக்கு நேராகப் பொருந்தும். எடுத்துக்கொடுப்பவர் மெட்டைப் பாடட்டும், வாங்குகிற இடத்தில் மூன்று குரல் விரியட்டும். பாட்டு முழுக்க மூன்று குரலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

தமிழ்க் கவிதையைப் பல குரலில் பாடுவதற்கு நல்ல முன்னோடி இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். சென்னையில் அவர் 1970-களில் உருவாக்கி வளர்த்த இளைஞர் சேர்ந்திசைக் குழு பாரதி பாடல்களைப் பல குரலில் பாடியது. பாரதியின் படைப்புகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் நீங்களும் தயங்காமல் எடுத்து மெட்டமைக்கலாம். பிறர் போட்ட மெட்டு அப்படி இல்லை. சினிமாப் பாட்டைக் கட்டணம் வாங்கும் நிகழ்ச்சியில் பாடுவதானால் உரிமம் பற்றி ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள்.

தேவாலயப் பெண்கள் ஐக்கிய சங்கங்களில் இருந்து வரும் கேள்வி வேறு: கையில் இருப்பது நான்கு குரல் பாமாலை, அதில் இரண்டு ஆண்களுக்கானது, என்ன செய்வது? பேஸ் பாகத்தை ஒரு ஸ்தாயி தூக்கிப் பாடாதீர்கள். அது போய் ஆல்ட்டோவுக்கு மேலே உட்கார்ந்துகொள்ளும், அடித்தளம் கூரையாகிவிடும். பாட்டை ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை ஏற்றிவிட்டு, மெட்டையும் ஆல்ட்டோவையும் அப்படியே வைத்துக்கொண்டு, டெனோர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாகத்தில் எட்டுகிற ஸ்வரங்களைக் கீழ்க்குரலுக்குக் கொடுங்கள். எட்டாத இடத்தில், அந்தச் சேர்க்கையில் யாரும் பாடாத ஸ்வரம் எது என்று பார்த்து அதைப் போடுங்கள். இந்தக் குழுக்களுக்கு ஒரு வசதி, டானிக் சால்ஃபா என்ற, எழுத்துகளால் ஸ்வரம் எழுதும் முறை. நார்விச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய முறையை ஜான் கர்வன் வளர்த்துப் பரப்பினார். மிஷனரிகளோடு உலகம் சுற்றியது. அதில் டோ நகரும், நம் ச போலவே எந்தக் கட்டையிலும் வைக்கலாம். ஸ்வரம் தெரிந்தவருக்கு ஒரு மாலையில் பிடிபடும்.

மெட்டு எப்போதும் மேல்குரலில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவில் 1945-இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் தொடங்கிய ஸ்வீட் அடலைன்ஸ் அமைப்பின் பெண்கள் பாடும் பார்பர்ஷாப் என்ற நான்கு குரல் பாணியில் மெட்டு மேலிருந்து இரண்டாவது குரலில் இருக்கும், மேலே ஒரு மெல்லிய குரல் மிதக்கும். ஒரு சரணத்துக்கு மெட்டைக் கீழ்க்குரலுக்குக் கொடுத்துப் பாருங்கள். வருடம் முழுக்கத் தூக்கிச் சுமக்கிறவர்களுக்கு அது தீபாவளி போனஸ்.

பாகங்களை எழுத மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் போதும்.

படி 8: வார்த்தையும் மூச்சும்

தமிழில் பல குரல் அமைக்கும்போது மேலைநாட்டுப் புத்தகம் சொல்லித்தராத ஒரு சிக்கல், குறில் நெடில். படம் என்ற வார்த்தையின் முதல் எழுத்தை நான்கு எண்ணிக்கை நீட்டினால் கேட்பவருக்கு அது பாடம். மலை மாலையாகும். தனிப்பாட்டில் பாடகர் உணர்ச்சியால் சமாளித்துவிடுவார். 12 பேர் மூன்று ஸ்வரத்தில் நீட்டும்போது சமாளிக்க முடியாது. ஆகவே நீளமான ஸ்வரம் நெடிலில் விழும்படி அமையுங்கள். குறிலில்தான் விழுந்தே ஆக வேண்டும் என்றால் அந்த எழுத்தைச் சட்டென்று விட்டு, அடுத்து வரும் மெய்யில் நில்லுங்கள். ம், ன், ல், ள் எல்லாம் பாடக்கூடிய மெய்கள். "ம்"-இல் மூன்று குரல் நிற்பது கேட்க அவ்வளவு சுகம். வல்லின ஒற்று வேறு ரகம். க், ச், ட், த், ப் எல்லாரிடமும் ஒரே கணத்தில் விழ வேண்டும், இல்லாவிட்டால் கூரையில் மழை போலச் சடசடக்கும். அந்த வல்லின ஒற்றை ஒருவர் மட்டும் சொல்லிப் பார்ப்பதும் ஒரு தந்திரம், மற்றவர்கள் உயிரெழுத்தை மட்டும் பாடுவார்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

உயிரெழுத்தில் வாய் வடிவம் ஒன்றாக இருக்க வேண்டும். "ஈ" பாடும்போது ஒருவர் சிரித்த வாயோடும் இன்னொருவர் குவித்த வாயோடும் இருந்தால் ஸ்வரம் சரியாக இருந்தும் சுருதி சேராததுபோலக் கேட்கும். சுருதி சேரவில்லை என்று நீங்கள் நினைக்கும் இடங்களில் பாதி இந்த வகை. எதிரெதிரே நின்று ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பாடுங்கள். சிரிப்பு வரும், வரட்டும்.

மூச்சு எளிது: பக்கத்தில் நிற்பவர் எடுக்கும்போது நீங்கள் எடுக்காதீர்கள், வரி முடியும் இடத்தில் எல்லாரும் சேர்ந்து எடுக்காதீர்கள். ஸ்வரத்தின் நடுவில் சத்தத்தைக் குறைத்து வெளியே வந்து, மூச்செடுத்து, மெல்ல உள்ளே நுழையுங்கள்.

வார்த்தையே இல்லாமல் பாடிப் பழகுவதும் பெரிய பயிற்சி. இரண்டாம் உலகப் போரில் சுமத்ராவின் பாலெம்பாங்கில் ஜப்பானியர்களின் சிறை முகாமில் இருந்த பெண்கள், வாத்தியம் எதுவும் இல்லாமல் 1943 டிசம்பர் 27 அன்று ஒரு கச்சேரி செய்தார்கள். மார்கரெட் டிரைபர்க் என்ற மிஷனரி தன் நினைவில் இருந்த வாத்திய இசையைக் குரல்களுக்குப் பிரித்து எழுத உதவினார், நோரா சேம்பர்ஸ் நடத்தினார், முப்பது பேர் பாடினார்கள். ஒரு வார்த்தை கிடையாது, வெறும் ஓசைகள். பல மொழி பேசும் கைதிகளுக்கு அதுவே வசதியாகவும் இருந்தது. பட்டினியோடு நின்று பாடியவர்கள் அவர்கள். நமக்கு மின்விசிறியை 10 நிமிடம் நிறுத்தினால் கோபம் வருகிறது.

படி 9: ஒன்றரை மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது

முதல் 10 நிமிடம் உடம்பும் மூச்சும். அடுத்த 15 நிமிடம் ச-க-ப, நகர்வு, சுழல் பாட்டு. அடுத்த 40 நிமிடம் புதுப் பாட்டு, கீழ்க்குரலுக்கு முதலில் சொல்லிக்கொடுத்து, அது நின்றபின் மேல்குரலைச் சேர்த்து, கடைசியில் நடுக்குரல். வெளிக்கோடு இரண்டும் தெரிந்தால் நடுவில் இருப்பவருக்குத் தன் இடம் சுலபமாகத் தெரியும். ஒரு பாகத்துக்கு 7 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள், மற்றவர்கள் கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களை அந்த நேரத்தில் "ம்" பிடிக்க வையுங்கள். டீ 10 நிமிடம், இதை வெட்டாதீர்கள், குழு நிற்பதே இதில்தான். மீதி நேரம் தெரிந்த பாட்டு.

வீட்டுப் பயிற்சிக்கு ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். கையில் நேரம் இருந்தால் ஒரு காதில் தன் பாகமும் மறு காதில் மற்ற பாகங்களும் கேட்கும்படி செய்யுங்கள். பாகம் பழகியபின் தன் காதுப் பக்கத்தைக் கழற்றிவிட்டு மற்றவற்றோடு பாடிப் பார்க்கலாம். சமையலறையில் குக்கர் விசிலுக்கு நடுவே இதைச் செய்து பழகியவருக்கு மேடையில் எதுவும் தடுமாறாது.

நிற்கும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். ஆரம்பத்தில் பாகம் பாகமாக, கீழ்க்குரல் நடுவில், இரண்டு பக்கமும் மற்றவர்கள். ஒருவருக்கொருவர் ஒரு கை தூரம் இருக்கட்டும், நெருக்கி நின்றால் தன் குரல் தனக்கே கேட்காமல் எல்லாரும் சத்தத்தை ஏற்றுவார்கள். பாட்டு பழகியபின் மேல், நடு, கீழ் என்று மூன்று மூன்று பேராகக் கலந்து நிற்கச் சொல்லுங்கள். யாருக்குத் தன் பாகம் உண்மையில் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

படி 10: மேடை

ஆளுக்கொரு மைக் கொடுப்பார்கள், அல்லது இருவருக்கு ஒன்று. மறுத்துவிடுங்கள். மைக்கை வாய்க்கு அருகில் வைத்திருப்பவர் குரல் மட்டும்தான் வெளியே போகும், மூன்று மாத உழைப்பு வீண். குழுவுக்கு இரண்டு மீட்டர் முன்னால், தலைக்கு மேல் உயரத்தில் இரண்டு கண்டென்சர் மைக் வைத்தால் போதும். சவுண்ட் சிஸ்டம் தம்பியிடம் எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள், நிகழ்ச்சிக்கு முன்னாலேயே, அன்பாக. திறந்தவெளியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் மெல்லிய பாட்டு எதையும் எடுக்காமல் சுழல் பாட்டும் கும்மியும் பாடிவிட்டு வாருங்கள்.

சுருதியைக் கீழ்க்குரலில் ஒருவர் ச-வாக மெல்லக் கொடுக்கட்டும், மற்றவர்கள் அதிலிருந்து தங்கள் ஸ்வரத்தை மனதுக்குள் எடுத்துக்கொள்ளட்டும். பாட்டு முடிந்ததும் போனில் தம்புராவைப் போட்டுக் காதோரம் வைத்துப் பாருங்கள். வாத்தியத் துணையில்லாத பாட்டு அரைக் கட்டை இறங்கி முடிவது சகஜம். மேடையில் அதைப் பற்றி முகம் சுளிக்க வேண்டாம், கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது. அடுத்த ஒத்திகையில் அதே பாட்டை அரைக் கட்டை ஏற்றித் தொடங்குங்கள். குரல் உடையும் இடம் வேறு ஸ்வரத்துக்கு நகர்ந்துவிடும், பல நேரம் அதிலேயே இறக்கம் நின்றுவிடும். அப்போதும் நிற்கவில்லை என்றால் படி 6-க்குப் போய்க் கீழ்க்குரலின் நி-யைக் கேளுங்கள்.